மரைன் டிரைவில் முதல் நடை: எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் நடப்பது, எப்போது திரும்புவது

மும்பைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஞாயிறு சாயங்காலம் சர்ச்கேட் ரயில் நிலையத்தில் இறங்கி, நேரே கடலுக்குப் போய், எதிர்ப்பட்ட இடத்தில் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வளைந்து போகும் பாதையில் அவர்கள் பார்த்தது முந்நூறு மீட்டர் இருக்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது ஏன் என்று கூடப் புரியாமல் ரயிலேறுவார்கள்.

மரைன் டிரைவ் மெரினா மாதிரி இல்லை. கால் புதையும் மணல் வடக்கு முனையில் மட்டும்தான். மற்றதெல்லாம் கல் பாவிய அகலமான, மேடு பள்ளமில்லாத நடைபாதை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓயாத கார் ஓட்டம், அதற்கப்பால் நகரம். அரசுப் பதிவில் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. டாக்ஸிக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். மரைன் டிரைவ் என்றே சொல்லுங்கள்.

வடக்கே கிர்காவ் சௌபாட்டி மணலில் தொடங்கித் தெற்கே நரிமன் பாயிண்டில் முடியுங்கள். முதல் முறை போகிறவர்கள் இதை மட்டுமாவது மாற்ற வேண்டாம். காரணம் மூன்று. சூரியன் கடலில் இறங்குவது தெற்கு முனையிலிருந்துதான் நன்றாகத் தெரியும். விளக்கேறிய பிறகு வளைவு முழுவதையும் ஒரே பார்வையில் பார்ப்பதும் தெற்கே நின்று வடக்கே திரும்பினால்தான். மூன்றாவது காரணம் ரயில். சர்ச்கேட் கடைசி நிலையம் என்பதால் அங்கிருந்துதான் வண்டி காலியாகப் புறப்படும். நடந்து களைத்த காலுக்கு உட்கார இடம் கிடைக்கும்.

சூரியனின் கணக்கு

சௌபாட்டி மணலில் நின்று மேற்கே பார்த்தால் எதிரில் மலபார் ஹில். அதன் முனை தென்மேற்காகக் கடலுக்குள் நீண்டிருப்பதால், கிட்டத்தட்ட ஆண்டு முழுவதும் அங்கே சூரியன் மலைக்குப் பின்னால்தான் மறையும். தெற்கே நடக்க நடக்க மலைமுனை வலப்பக்கம் ஒதுங்கி, திறந்த கடல் கண்ணுக்கு வரும்.

குளிர்காலத்தில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து இறங்குவதால், நவம்பர் முதல் ஜனவரி வரை மரைன் லைன்ஸ் ரயில் நிலையத்துக்குத் தெற்கே எங்கு நின்றாலும் கடலில் விழுவதைப் பார்க்கலாம். மார்ச்சுக்குப் பிறகு அது வடக்கே நகர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சர்ச்கேட் நேரே நின்றவர்களுக்குக் கூட மலைமுனை குறுக்கே வரும். அந்த மாதங்களில் நரிமன் பாயிண்ட் கடைசிவரை போய்விடுவது நல்லது.

நேரம் சென்னைக் கணக்கில் வராது. மும்பை மேற்கே தள்ளியிருப்பதால் பொழுது தாமதமாகச் சாயும். நவம்பர் கடைசியில் சுமார் 6 மணி, மார்ச் நடுவில் 6:45, மே நடுவில் 7:05, ஜூலை தொடக்கத்தில் 7:20. அன்றைய அஸ்தமன நேரத்திலிருந்து 75 நிமிடம் கழித்துக்கொண்டு சர்னி ரோடு நிலையத்தில் இறங்குங்கள். மணலுக்குப் போகப் பத்து நிமிடம், நடைக்கு ஐம்பது அல்லது ஐம்பத்தைந்து, மீதி தண்ணீர் குடிக்க, படம் எடுக்க. குழந்தையோ வயதானவரோ கூட வந்தால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலின் கணக்கு

இதற்கு அமாவாசை, பௌர்ணமி பார்க்கத் தெரிந்தால் போதும். தினசரி காலண்டர் கிழிக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை.

மும்பையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த இரண்டொரு நாளிலும் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். மும்பைக் கடற்கரையில் அது நடுப்பகல் 12 மணியை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். அப்படியானால் அதே நாள்களில் மாலை ஆறு மணிக்குக் கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும். சௌபாட்டி மணல் அகலமாகக் கிடக்கும். தெற்கே கல்லெல்லாம் வெளியே தெரியும், கொஞ்சம் நாற்றமும் இருக்கும். அலை சுவரில் மோதுவதைப் பார்க்க ஆசைப்பட்டுப் பௌர்ணமி மாலையில் போனால் ஏமாற்றம்தான். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் மாலையில் ஏற்றம் வரும், ஆனால் உயரம் குறைவு. தண்ணீர் சுவரருகே இருக்கும், ஆர்ப்பாட்டம் இருக்காது. சாதாரண நடைக்கு அதுதான் அழகு.

மழைக்காலம் வந்தால் இந்தக் கணக்கு விளையாட்டல்ல. ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாள்களை மாநகராட்சி முன்கூட்டியே பட்டியலிட்டு அறிவிக்கும். அந்த நேரத்தில் தென்மேற்குக் காற்றும் சேர்ந்தால் அலை சுவரைத் தாண்டி நடைபாதையில் விழும். பார்ப்பதற்கு மழைச்சாரல் போல இருந்தாலும் எடை தண்ணீரின் எடை. ஆளைச் சாய்க்கும், பின்வாங்கும்போது இழுக்கும். கூடவே நகரம் கடலில் கொட்டிய குப்பையையெல்லாம் கடல் வட்டியோடு திருப்பிச் சாலையில் போடும். வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளிலும், ஏற்ற நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமும் அந்தப் பக்கம் போகாதீர்கள். போலீஸ் கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். “அவங்க எல்லாம் நிக்கிறாங்களே” என்பது காரணமாகாது.

போய்ச் சேர்வது

முதலில் ஆட்டோவை மறந்துவிடுங்கள். சயான், மாஹிமுக்குத் தெற்கே ஆட்டோ ஓட அனுமதியில்லை. தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ ஆட்டோ பிடித்து “மரைன் டிரைவ்” என்றால் ஓட்டுநர் சிரிப்பார். தென்மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸிதான். 2025 பிப்ரவரி முதல் மீட்டரில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 31 ரூபாய். மீட்டரைப் போடச் சொல்லுங்கள்.

மேற்கு ரயில் பாதையில் மாஹிம், மாட்டுங்கா ரோடு பக்கம் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். சர்ச்கேட் போகும் ஸ்லோ வண்டி ஏறினால் சர்னி ரோடு வந்துவிடும். பிளாட்பாரத் திரையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எஸ் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ஸ்லோ, எஃப் இருந்தால் ஃபாஸ்ட். ஃபாஸ்ட் வண்டி எல்லா நிலையத்திலும் நிற்காது. புதியவர்கள் ஸ்லோவிலேயே போங்கள், பத்து நிமிடத்தில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

மாட்டுங்கா, சயான், முலுண்ட் என மத்திய பாதையில் இருப்பவர்கள் தாதரில் மாற வேண்டும். மத்திய பாதையின் பிளாட்பாரங்களுக்கு இப்போது 8 முதல் 14 வரை எண், மேற்குப் பாதைக்கு 1 முதல் 7 வரை. 2023 டிசம்பரில் இப்படி மாற்றியதால், பழைய ஆட்கள் சொல்லும் எண்ணை நம்பினால் வேறு பாதையில் போய் நிற்பீர்கள். செம்பூர், அந்தோப் ஹில் பக்கத்து ஹார்பர் பாதைக்காரர்கள் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போய் இறங்கலாம். ஆனால் அங்கிருந்து சௌபாட்டி தள்ளியிருக்கிறது, டாக்ஸி தேவைப்படும். இல்லையென்றால் குர்லாவில் மாறி தாதர், அங்கே மறுபடி மாறி சர்னி ரோடு. இரண்டு மாற்றம் அலுப்புத்தான், செலவு குறைவு.

தாராவிக்காரர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து ஒரு வசதி. ஆரே முதல் கஃப் பரேடு வரையிலான மெட்ரோ 3 முழுவதும் திறந்துவிட்டதால், தாராவி நிலையத்திலிருந்து சர்ச்கேட்டுக்கும் விதான் பவனுக்கும் நேரடி வண்டி. நடையை முடித்துத் திரும்ப இதுவே நல்ல வழி. ஆனால் போகும்போது “கிர்காவ்” என்ற மெட்ரோ நிலையப் பெயரைப் பார்த்து கிர்காவ் சௌபாட்டி வாசலிலேயே இறக்கிவிடும் என்று நினைக்காதீர்கள். அது ஊருக்குள் இருக்கிறது, கடலுக்குப் பத்து பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். சர்னி ரோடு லோக்கல் நிலையம்தான் பக்கம்.

டிக்கெட் வாங்குவதில் புதியவர்கள் தடுக்கும் இடம் ஒன்று. முதல் வகுப்புப் பெட்டியும் சாதாரணப் பெட்டியும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஓடி ஏறினால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். பெட்டியின் பக்கவாட்டில் போட்டிருக்கும் சாய்ந்த பட்டைக் கோடுகள்தான் முதல் வகுப்பின் அடையாளம். பெண்கள் பெட்டிக்குத் தனிப் படம் வரைந்திருப்பார்கள்.

பேருந்தில் போவதானால் பெஸ்ட் எனப்படும் நகரப் பேருந்தின் முன்பக்கத்தில் தடம் எண் தேவநாகரி எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரியவில்லையென்றால் பக்கவாட்டைப் பாருங்கள், அங்கே நாம் பழகிய எண் இருக்கும். அதற்குள் பேருந்து கிளம்பிவிடும் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பகலில் சில பாதைகளை நிறுத்துவார்கள். மத்திய, ஹார்பர் பாதைகளில் மெகா பிளாக், மேற்கில் ஜம்போ பிளாக் என்று பெயர். பெரும்பாலும் காலை பத்தரைக்குத் தொடங்கி மதியம் மூன்றரைக்கு மேல் முடியும். முந்தின நாள் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நடை

சர்னி ரோட்டில் மேற்குப் பக்கம் வெளியே வந்தால் நடைமேம்பாலம் உங்களைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும். அதையே பயன்படுத்துங்கள். கீழே இறங்கிச் சாலையை ஓடிக் கடக்கப் பார்ப்பவர்கள் இந்த ஊர்க் கார் வேகத்தை அறியாதவர்கள். சர்னி என்ற பெயர் மாடு மேய்ந்த இடம் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். இன்று ஒரு புல் கிடையாது.

வலப்பக்கம் சௌபாட்டி மணல். லோகமான்ய திலகர் சிலை இருக்கும் இடம். 1920-இல் அவர் உடல் எரியூட்டப்பட்டது இங்கேதான். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், தண்ணீர் அதற்கு லாயக்கில்லை. கால் நனைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள், ஈர மணல் ஒட்டிய பாதத்தோடு ஷூ போட்டு மூன்றரை கிலோமீட்டர் நடந்தால் கொப்புளம் நிச்சயம்.

தெற்கே திரும்பி நடைபாதையில் ஏறுங்கள். இனி கடல் வலக்கைப் பக்கம். இந்த வடக்குப் பகுதி 1915-இல் தொடங்கி 1920-இல் முடிந்தது, கென்னடி சீ ஃபேஸ் என்று பெயர். கடலைத் தூர்த்து எழுப்பிய சாலை என்பதால்தான் இத்தனை சமதளம். இடப்பக்கம் சாலைக்கு அப்பால் வரிசையாக ஜிம்கானாக்கள். இந்து, இஸ்லாம், பார்சி என்று அந்தக் காலத்தில் சமூக வாரியாகக் கொடுத்த விளையாட்டு மைதானங்கள். கட்டடம் இல்லாத திறந்த வெளி ஆதலால் வெயில் நேரத்தில் இந்தப் பகுதியில் ஒதுங்க நிழலே கிடையாது.

மரைன் லைன்ஸை நெருங்கும்போது மேம்பாலமும் கடற்கரை விரைவுச் சாலையின் சுரங்க வாயும் வந்து சேரும் இடத்தில் வண்டிகள் கூடும். சுரங்கம் மலபார் ஹில்லுக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது, 2024-இல் திறந்தது. நடப்பவர்களுக்கு உள்ளே இடமில்லை. இந்த இடத்தில் சாலையைக் கடக்க முயல வேண்டாம். கடல் பக்க நடைபாதையிலேயே தொடர்ந்து போனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இதைத் தாண்டியதும் நடையை மெதுவாக்குங்கள். பெரும்பாலானோர் கடலையே பார்த்துக்கொண்டு போய்த் தவறவிடும் பகுதி இது. இடப்பக்கம் திரும்பிப் பாருங்கள். ஒரே உயரத்தில், தோளோடு தோள் நிற்கும் ஐந்து மாடி வீடுகள். 1930, 40-களில் எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் பத்தே நிமிடத்தில் கண் பழகிவிடும். மூலைகள் கூர்மையாக இல்லாமல் வளைந்திருக்கும். சன்னலுக்கு மேலே புருவம் போல நீளும் மெல்லிய கான்கிரீட் தடுப்பு, மழைக்கும் வெயிலுக்கும். பால்கனிக் கம்பிகள் கப்பலின் மேல்தளத்தை நினைவூட்டும். வாசலில் கட்டடத்தின் பெயரே ஓர் அலங்காரமாக எழுதப்பட்டிருக்கும். இந்த வரிசையையும் ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ளவற்றையும் சேர்த்து 94 கட்டடங்களுக்கு 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. கட்டடத்தின் காலடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கடல் பக்கத்திலிருந்து, சாலையின் அகலத்தை இடைவெளியாக வைத்துப் பார்ப்பதே சரியான தூரம். பல வீடுகளில் ஏ.சி. பெட்டியும் மறைப்புத் தகரமும் அழகைக் கெடுத்து வைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வான்கடே கிரிக்கெட் மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள் எட்டிப் பார்க்கும்.

வீர் நரிமன் சாலை வந்து சேரும் முனையில் வளைந்து நிற்பது சூனா மஹால், 1937. சர்ச்கேட்டில் இறங்குபவர்கள் கடலை அடையும் இடம் இதுதான், அதனால் கூட்டம் சட்டென்று கூடும். களைத்துப் போனவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பி ஏழெட்டு நிமிடம் நடந்தால் ரயில் நிலையம். கால் ஒத்துழைத்தால் இன்னும் ஒரு கிலோமீட்டர் தெற்கே போங்கள்.

இந்தக் கடைசிப் பகுதியில் உயரம் மாறும். ஐந்து மாடிகள் முடிந்து அலுவலகக் கோபுரங்கள் தொடங்கும். ஏர் இந்தியா பெயரோடு பழகிப்போன 23 மாடிக் கட்டடம் 1974-இல் எழுந்தது. நரிமன் பாயிண்ட் நிற்பதும் தூர்த்த நிலத்தில்தான். அந்தத் தூர்ப்புத் திட்டத்தின் முறைகேடுகளை 1920-களில் அம்பலப்படுத்திய வழக்கறிஞர் குர்ஷித் நரிமனின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மும்பையின் நகைச்சுவை இப்படித்தான் இருக்கும்.

முனைக்கு வந்ததும் உட்காருங்கள். சூரியன் போன பிறகு இருபது நிமிடம் எழுந்துவிடாதீர்கள். படம் எடுத்த கையோடு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். விளக்குகள் ஏறி, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வடக்கே திரும்பிப் பார்த்தால்தான், நடந்து வந்த வழி முழுவதும் அரை வட்டமாக எரிவது தெரியும். ராணியின் கழுத்தணி என்று சொல்வது இதைத்தான். 2015-இல் மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டபோது கழுத்தணியின் பொன்னிறம் போய்விட்டதென்று ஊரே கோபப்பட்டது. பிறகு மஞ்சள் சாயலுள்ள விளக்குக்கு மாற்றினார்கள்.

சுவரும் கல்லும்

கட்டைச்சுவரில் உட்காரலாம். எல்லோரும் உட்காருவார்கள், இந்த நகரத்தில் காசில்லாமல் கிடைக்கும் நல்ல இருக்கை அதுதான். அதற்கு அந்தப் பக்கம் குவிந்து கிடக்கும் நாலுகால் கான்கிரீட் கற்களில் மட்டும் இறங்காதீர்கள். டெட்ராபாட் என்று பெயர். கால்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி போட்டிருப்பார்கள். அலை நேராகச் சுவரில் மோதாமல் இடுக்குகளில் புகுந்து சிதறி வலுவிழக்கும். அந்த இடுக்குகள்தான் ஆபத்து. மேல்பரப்பு பாசி பிடித்து எண்ணெய் தடவினது போல வழுக்கும், விழுந்தால் ஆள் உள்ளே சொருகிக்கொள்வார், ஏறும் தண்ணீர் அங்கேதான் முதலில் வரும். செல்போன் விழுந்துவிட்டால் போனது போனதுதான். அதை எடுக்க இறங்கித் தீயணைப்புப் படையை வரவழைக்க வேண்டாம். கடல் பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்காருபவர்கள் போனை மடியில் வைக்காமல் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு தின்பண்டத்தைச் சுவரில் வைத்தால் கல்லிடுக்கிலிருந்து எலி வரும், சாவகாசமாக.

காலுக்கும் வாய்க்கும்

தரை முழுவதும் கெட்டி. செருப்போடும் நடக்கலாம், ஆனால் மறுநாள் குதிகால் சொல்லும். அடிப்பகுதி மெத்தென்ற ஷூ போடுங்கள். நரிமன் பாயிண்டிலிருந்து சர்ச்கேட் திரும்பும் ஒன்றரை கிலோமீட்டரையும் சேர்த்தால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும், ஆறாயிரம் ஏழாயிரம் காலடி. குளிர்காலத்தில் ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் போதும். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு லிட்டர். காற்று ஜிலுஜிலுவென்று அடிப்பதால் வியர்ப்பது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். மழைக்காலத்தில் குடை வேண்டாம். முதல் காற்றிலேயே கவிழ்ந்துவிடும், மழைக்கோட்டுதான் சரி.

கழிப்பறையை நிலையத்திலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். நடைபாதையில் இருப்பவை குறைவு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் தூரம் அதிகம். குழந்தையோடு வருபவர்களுக்கு இதுவே முதல் விதி.

சாப்பிடுவதற்கு சௌபாட்டிக் கடைகள். பேல் பூரி நம்மூர் மசாலாப் பொரிக்கு அண்ணன், ஆனால் இனிப்புப் புளிச் சட்னி தூக்கலாக இருக்கும். “தீக்கா” என்று சொன்னால் காரமாகப் போடுவார்கள். கடைக்காரர்கள் கையைப் பிடிக்காத குறையாக அழைப்பார்கள், விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். நடைபாதையில் சைக்கிளில் டீ வரும், “கட்டிங்” என்றால் அரை கிளாஸ். மழைக்காலத்தில் எலுமிச்சையும் மிளகாய் உப்பும் தேய்த்த சுட்ட சோளம். சில்லறைக்கு இங்கே “சுட்டா” என்று பெயர். “சுட்டா ஹை க்யா?” என்று கேட்டால் சோளத்தைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிடாதீர்கள்.

போகாமல் இருக்க வேண்டிய நாள்கள்

கணபதியைக் கரைக்கும் அனந்த சதுர்த்தசி அன்று சௌபாட்டி பக்கம் நடைக்காகப் போக வேண்டாம். விசர்ஜனம் பார்க்கப் போவது வேறு, அதற்கு வேறு தயாரிப்பு. டிசம்பர் 31 இரவும் அப்படியே. ஜனவரி மூன்றாவது ஞாயிறு மாரத்தான், காலையில் சாலைகள் அடைபடும். வான்கடேயில் ஆட்டம் இருக்கும் நாளில் சர்ச்கேட், மரைன் லைன்ஸ் இரண்டு நிலையங்களும் திணறும். 2024 ஜூலை 4 அன்று உலகக் கோப்பை வெற்றி ஊர்வலத்துக்கு இதே சாலையில் கூடிய கூட்டத்தில் பலர் காயமடைந்தார்கள், மறுநாள் காலை நடைபாதையெங்கும் அறுந்த செருப்பாகக் கிடந்தது. எந்த நாளானாலும், முன்னே நகர முடியாத அளவுக்குக் கூட்டம் இறுகினால் கடல் சுவர்ப் பக்கம் ஒதுங்காமல் ஊர்ப் பக்கமாக, பக்கத்துத் தெருவுக்குள் வெளியேறுங்கள்.

காலையில் போவதானால்

மேலே சொன்ன திசைக் கணக்கு காலைக்குத் தேவையில்லை. சூரியன் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து வருவதால் சர்ச்கேட் பக்கம் நெடுநேரம் நிழல் இருக்கும். எதிரே மலபார் ஹில் மீது மட்டும் வெயில் விழுந்து பளிச்சென்று தெரியும். ஆறு மணிக்கு சர்ச்கேட்டில் இறங்கி வடக்கே நடந்து, சர்னி ரோட்டில் ஏறித் திரும்பலாம். எட்டு மணிக்கு மேல் நகரமே தெற்கே வேலைக்கு வரும், நீங்கள் வடக்கே போவதால் எதிர்த்திசை வண்டி காலியாக இருக்கும். ஓடுபவர்களும் வேகமாக நடப்பவர்களும் காலையில் அதிகம். நாலு பேர் கை கோத்துக்கொண்டு பாதையை அடைத்து நடக்காமல் ஓரமாகப் போங்கள்.

வளைவை மேலிருந்தும் பார்க்க வேண்டுமென்றால் சௌபாட்டியிலிருந்து சிரி ரோடு வழியாக ஏறிக் கமலா நேரு பூங்காவுக்குப் போகலாம், கால் மணி, இருபது நிமிட ஏற்றம். அங்கே மரங்களுக்கு நடுவே 485 மீட்டர் நீளத்துக்கு உயர்த்திக் கட்டிய மரப்பாதை ஒன்றை 2025 மார்ச்சில் திறந்தார்கள். சீட்டு 25 ரூபாய், இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். மாலை நடையோடு இதையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். ஏற்றம் முதலில், சமதளம் பிறகு. தலைகீழாகச் செய்தால் முழங்கால் மன்னிக்காது.

திரும்பும் நேரத்தில் ஒரு கவனம். வேலை நாள்களில் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை சர்ச்கேட்டில் வண்டி நிற்பதற்கு முன்பே ஓடி ஏறுவார்கள், அதோடு போட்டி போடாதீர்கள். நரிமன் பாயிண்டில் எட்டு மணிவரை உட்கார்ந்திருந்துவிட்டு, இருபது நிமிடம் நடந்து போனால் கூட்டம் இளகியிருக்கும். தாராவிக்காரர்கள் விதான் பவன் மெட்ரோவுக்குப் போகலாம், நரிமன் பாயிண்டுக்கு அதுதான் பக்கம். மெட்ரோவின் கடைசி வண்டி இரவு பத்தரையை ஒட்டி. லோக்கல் நள்ளிரவு தாண்டியும் ஓடும், ஆனால் தாதரில் மத்திய பாதைக்கு மாற வேண்டியவர்கள் பதினொன்றுக்குள் ஏறிவிடுங்கள், பிறகு வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடும்.